விலை போகாத கிடார்கள்

எந்தச் சத்தத்தை ஒழிக்க நாங்கள் பாடுபட்டோமோ, அந்தச் சத்தத்தை இன்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். வீட்டு அறையிலேயே பாட்டுப் பதிவு செய்யும் பிள்ளைகளிடம், சுத்தமாக ஒலிக்கும் கிடாரின் மேல் கரகரப்பையும் இரைச்சலையும் ஏற்றுவதற்கென்றே சாஃப்ட்வேர் இருக்கிறது. அதிலும் மனம் நிறையாதவர்கள், அறுபதுகளில் ஜப்பானில் செய்த மலிவு எலெக்ட்ரிக் கிடார்களைத் தேடி அலைகிறார்கள். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் லீட் கிடார் வாசித்துக் குடும்பம் நடத்தியவன் நான். அப்படி ஒரு கிடாரோடுதான் என் பிழைப்பு ஆரம்பித்தது. அன்று அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. இன்று அதைக் கேட்டு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள்.

அது வந்தது பினாங்கிலிருந்து. கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் 1961-ல் சிங்கப்பூரில் கச்சேரி செய்துவிட்டுப் போன பிறகு, அந்தப் பக்கமெல்லாம் நான்கு பையன்கள் சேர்ந்தால் ஒரு கிடார் குழு என்றாகிவிட்டது. ஃபெண்டரும் கிப்ஸனும் கட்டுப்படியாகாதவர்களுக்கு ஜப்பான் கிடார் கைகொடுத்தது. அப்படி ஒன்றை, அங்கே வேலை பார்த்த என் தாய்மாமா, குழு கலைந்துபோன நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கி வைத்திருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் ஊர் திரும்பியபோது, சிதம்பரம் கப்பலில் பெட்டி படுக்கைகளோடு அதுவும் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியது.

நடுவில் மஞ்சள், ஓரம் போகப் போகக் கருஞ்சிவப்பு. மேல் கொம்பு ஒரு நீளம், கீழ்க் கொம்பு ஒரு நீளம். மூன்று பிக்கப், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வெள்ளை சுவிட்ச். பிக்கப் மூடியில் வெட்டிவிட்ட இடைவெளிகள் வழியாகத் தங்க நிறத் தாள் மின்னும். நெக் கைக்கு அடங்காத பருமன். தலைப்பகுதியில் பெயரே கிடையாது. அந்தக் காலத்து ஜப்பான் தொழிற்சாலைகள், இறக்குமதி செய்பவர் தன் பெயரை ஒட்டிக்கொள்ளட்டும் என்று ஒரே கிடாரைப் பல பெயர்களிலும், பெயரே இல்லாமலும் அனுப்பிக்கொண்டிருந்தன.

எங்கள் குழுத் தலைவர் அதைப் பார்த்ததும், “தம்பி, நாலு பேர் முன்னாடி மேடையில இதை மாட்டிக்கிட்டு நிக்க முடியுமா?” என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சினிமாப் பத்திரிகைப் படங்களில் ஃபெண்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட தலைமுறை அது. 1991-க்கு முன்னால் வெளிநாட்டு வாத்தியம் இறக்குமதி செய்வது சாமானியன் நினைத்துப் பார்க்கக் கூடிய காரியமாக இல்லை. கப்பலில் வேலை பார்ப்பவரோ, வளைகுடாவிலிருந்து வரும் உறவினரோ கொண்டுவந்தால் உண்டு. மற்றவர்களுக்கெல்லாம் கல்கத்தாவில் கிவ்ஸன், ஹோப்னர், சிக்னேச்சர் என்ற பெயர்களில் செய்த கிடார்கள்தான் கதி. திருவிழா மேடைகளிலும் கல்யாண வரவேற்புகளிலும் தமிழ்நாடு கேட்ட எலெக்ட்ரிக் கிடாரில் பெரும்பங்கு அவற்றின் குரல்தான்.

என் கிடாரின் பெரிய தொல்லை இரைச்சல். கோயில் திருவிழா என்றால் சவுக்குக் கம்புகளில் வரிசையாக டியூப் லைட், கோபுரம் வரைக்கும் சீரியல் செட், பக்கத்திலேயே ஜெனரேட்டர். ஒற்றைக் காயில் பிக்கப் எதிரே இருக்கும் ஸ்ட்ரிங்கின் அதிர்வை வாங்குவதோடு, சுற்றிலும் பரவியிருக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலையும் ஏரியல் போல வாங்கிக்கொள்ளும். கூட்டத்தைப் பார்த்து நேராக நின்றால் ஹூம் என்று பெரிதாக வரும். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினால் அடங்கும். காயிலும் காந்தப்புலமும் எந்தக் கோணத்தில் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்தது அது. ஒவ்வொரு ஊரிலும் பாட்டு தொடங்குவதற்கு முன் மெல்லத் திரும்பித் திரும்பி அந்தக் கோணத்தைக் கண்டுபிடித்து, காலடியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வேன்.

திருச்சி பாலக்கரையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் அதைத் திறந்து பார்த்தார். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளைச் சேர்த்து வைத்து, பிக்கப் உட்காரும் குழியின் சுவரெல்லாம் ஒட்டி, ஒரு ஒயரைப் பற்றவைத்து எர்த்தோடு இணைத்தார். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மீதியையும், ஸ்பீக்கர் பக்கம் போனால் வரும் கீச்சுச் சத்தத்தையும் எடுக்க முடியாதா என்று கேட்டேன். “காயிலை மெழுகில முக்கினா இந்தக் கீச்சுச் சத்தமெல்லாம் போயிரும் தம்பி. ஆனா இதோட குரலும் சேர்ந்து போயிரும். ரெண்டு நாள் வாசிச்சுப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க” என்றார்.

அவர் சொன்னதன் அர்த்தம் மேடையில் விளங்கியது. நல்ல பிக்கப்பின் காயிலை உருக்கிய மெழுகில் முக்கி எடுப்பார்கள். சுற்றியிருக்கும் கம்பி அசையாமல் இறுகிவிடும். ஸ்ட்ரிங்கின் அதிர்வைத் தவிர வேறு எதையும் அது சொல்லாது. மலிவு கிடாரில் அந்தச் செலவை மிச்சம் பிடித்திருப்பார்கள். அதனால் காயிலே ஒரு மைக்காக வேலை செய்யும். நகம் மரத்தில் பட்டால் கேட்கும், சுவிட்சைத் தட்டினால் கேட்கும். ஸ்பீக்கருக்கு அருகே போனால் ஃபீட்பேக் கிளம்பும். ஆனால் அதே காரணத்தால் மரத்தின் ஓசையும் விரலின் ஓசையும் கூடவே வரும். 1982-ல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்த பிறகு, அந்தப் படத்து நிலாப் பாட்டை வாசிக்காமல் எந்த மேடையிலிருந்தும் இறங்க முடியாது. கிடார்காரனுக்கு அது பரீட்சை. எலெக்ட்ரிக் கிடாரில் வாசித்தால் பொதுவாக அந்தப் பாட்டு கம்பி கம்பியாக மெலிந்து ஒலிக்கும். என் பெயரில்லாத கிடாரில் நெக் பக்கத்து பிக்கப்பை மட்டும் போட்டு, டோனைக் கொஞ்சம் குறைத்து வாசித்தபோது, உள்ளே காற்று இருப்பது போன்ற ஒரு நிறைவு வந்தது. குழுத் தலைவர் அதற்குப் பிறகு வேறு கிடார் பற்றிப் பேசவில்லை.

இந்தக் கிடார்களின் பிறப்பைப் பற்றிப் படிக்கப் படிக்க, அண்ணாச்சி சொன்னது உலகத்துக்கே பொருந்தும் என்று தெரிந்தது. 1954-ல் ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிடார் விலை 249.50 டாலர். அதே ஆண்டில் நியூ ஜெர்ஸியில் நேதன் டேனியல் என்பவர் டேன்எலெக்ட்ரோ என்ற பெயரில் கிடார் செய்ய ஆரம்பித்தார். மரச் சட்டம் அடித்து, அதன் மேலும் கீழும் மேஸோனைட் என்ற ஹார்ட்போர்டை ஒட்டினார். பிக்கப்புக்கு மூடி வேண்டும். அச்சு வார்க்கப் பணம் செலவாகும். லிப்ஸ்டிக் அடைக்கும் உலோகக் குழாய்களை வாங்கி, காயிலையும் காந்தத்தையும் அதற்குள் சொருகிவிட்டார். அமெரிக்காவின் சியர்ஸ் கடை அவரிடம் வாங்கி 1962 வாக்கில் சில்வர்டோன் என்ற பெயரில் விற்ற மாடலில், கிடார் வைக்கும் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருந்தன. எல்லாம் சேர்த்து 67.95 டாலர். தபாலில் வந்துவிடும். அதில் விரல் பழகிய அமெரிக்கப் பிள்ளைகள் ஏராளம். லிப்ஸ்டிக் குழாய்க்குள்ளிருந்து வந்த அந்தத் தெளிந்த, மணிச் சத்தம் கலந்த ஒலி வேறெந்தக் கிடாரிலும் வரவில்லை. எந்தக் கிடாரையும் வாங்கக் கூடிய வசதி வந்த பிறகும் லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் மேடையில் டேன்எலெக்ட்ரோவை மாட்டிக்கொண்டு நின்றார்.

அதே டேனியல் தொடங்கிய நிறுவனம் 1967-ல் வின்சென்ட் பெல் என்ற வாத்தியக்காரரோடு சேர்ந்து கோரல் என்ற பெயரில் எலெக்ட்ரிக் சிதாரைக் கொண்டுவந்தது. வாசிப்பது கிடார் போலத்தான். தட்டையான ப்ரிட்ஜின் மேல் ஸ்ட்ரிங் உரசி உரசி ரீங்கரிக்கும். பக்கத்தில் தாமாக அதிரும் 13 கம்பிகள் வேறு. தம்புராவில் ஜீவா நூலைச் சரிசெய்து சுருதியை மலர வைப்பவர்களுக்கு அந்த ரீங்காரத்தின் தத்துவம் உடனே புரியும். கிடாரில் ஸ்ட்ரிங் இப்படி உரசினால் ரிப்பேர் என்று கடைக்கு அனுப்புவார்கள். நம் மரபு அதைச் சுநாதம் என்று போற்றியது.

ஜப்பானில் டைஸ்கோ நிறுவனம் 1946-லேயே தொடங்கியது. வென்ச்சர்ஸ் குழு 1965-ல் அங்கே சுற்றுப்பயணம் செய்தபோது ‘எலெகி’ என்ற கிடார் வெறி நாடெங்கும் பற்றிக்கொண்டது. தொழிற்சாலைகள் போட்டி போட்டுக்கொண்டு கிடார்களைச் செய்து அமெரிக்காவுக்கும் ஆசிய நாடுகளுக்கும் அனுப்பின. அறுபதுகள் முடிவதற்குள் மோகம் வடிந்தது. 1967-ல் டைஸ்கோ கவாய் நிறுவனத்தின் கைக்குப் போனது. கடைகளில் தேங்கிய கிடார்கள் அடகுக் கடைக்கும் பழைய சாமான் கடைக்கும் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து அவற்றை எடுத்து வாழ வைத்தவர்கள் பணமில்லாத வாத்தியக்காரர்கள். சிகாகோவின் ஹவுண்ட் டாக் டெய்லர் அப்படிப்பட்ட மலிவு ஜப்பான் கிடாரை, ஸ்பீக்கர் கிழிந்த ஆம்ப்ளிஃபயரில் இணைத்து வாசித்தார். 1971-ல் அவருடைய முதல் ஆல்பத்தை வெளியிடுவதற்காகவே அலிகேட்டர் என்ற ரெக்கார்டு கம்பெனி பிறந்தது. நம் விஸ்வ மோகன் பட்டோடு சேர்ந்து கிராமி விருது பெற்ற ரை கூடர், மலிவு டைஸ்கோவிலிருந்து கழற்றிய தங்கத்தாள் பிக்கப்பைத் தன் ஸ்ட்ராடோகாஸ்டரில் பொருத்திக்கொண்டார். அது தெரிய வந்த பிறகு அந்த பிக்கப்புக்காகவே பழைய கிடார்களை வாங்கிப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

இப்போது நிலைமை தலைகீழ். கணினி இயக்கும் இயந்திரங்கள் மரத்தை நூலிழை பிசகாமல் வெட்டுகின்றன. இந்தோனேஷியாவிலும் சீனாவிலும் செய்த கிடாரைப் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு கல்லூரி மாணவன் வாங்குகிறான். சுருதி பிசகுவதில்லை, விரல் வலிப்பதில்லை, டியூப் லைட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. நாங்கள் கனவில்கூடக் கண்டிராத வசதி இது. அந்தப் பிள்ளைகளைப் பார்த்து எனக்கு மனதார மகிழ்ச்சி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. தனக்கென்று ஒரு குரல் வேண்டும் என்று நினைக்கும் வாத்தியக்காரன், அதனால்தான் பழைய மலிவுக் கிடாரிடம் போகிறான். அங்கே ஒவ்வொரு செலவுக் குறைப்பும் ஒரு தனிக் குரலாக மாறியிருக்கிறது. ஆனால் வந்த கூட்டத்தோடு விலையும் ஏறிவிட்டது. டைஸ்கோவின் ‘ஸ்பெக்ட்ரம் 5’ மாடல் ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. ஏழைக்காகச் செய்த கிடாரை ஏழை தொட முடியாத நிலை வந்துவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

சமீபத்தில் சென்னையிலிருந்து ஒரு பையன் வந்தான். சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவன். கிடாரைக் கையில் வாங்கியவன் வாசிப்பதற்கு முன் பின்பக்கத்தை முட்டியால் மெல்லத் தட்டினான். ஸ்பீக்கரில் டொக் என்று கேட்டது. முகம் மலர்ந்துவிட்டது. “மாஸ்டர், மெழுகு போடாத காயில்! இதை என்ன விலை சொன்னாலும் எடுத்துக்கிறேன்” என்றான். பிக்கப் குழியில் இன்னமும் ஒட்டியிருக்கும் சிகரெட் தாளைப் பார்த்துவிட்டு, அதைப் பிரிக்காமல் அப்படியே வேண்டும் என்றும் சொன்னான். விற்கவில்லை. பதிவு முடியும்வரை வைத்துக்கொள்ளச் சொல்லி இரவலாகக் கொடுத்து அனுப்பினேன். கிடார் வாசிக்கத்தான் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் போனால் அதற்கு வாயில்லை.

அவனிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். விலை ஏறிய கிடாரின் பின்னால் ஓட வேண்டாம். டேன்எலெக்ட்ரோவைப் பற்றியும் டைஸ்கோவைப் பற்றியும் எழுத ஆள் இருக்கிறது. புதிதாக நகல் செய்து விற்கவும் கம்பெனிகள் இருக்கின்றன. கல்கத்தாவில் நம் ஆட்கள் உள்ளூர் மரத்தை அறுத்து, கையால் காயில் சுற்றிச் செய்த எலெக்ட்ரிக் கிடார்களைப் பற்றி யார் எழுதினார்கள்? கலைந்துபோன மெல்லிசைக் குழுக்களின் வீட்டுப் பரண்களில், நெக் வளைந்து, சுவிட்ச் துருப்பிடித்துக் கிடக்கின்றன அவை. பழைய இரும்புக்காரர்கூடக் கேட்பதில்லை. ஒன்றை இறக்கித் துடையுங்கள். ஃப்ரெட்டைத் தீட்டி, புது ஸ்ட்ரிங் போட்டு, எர்த்தைச் சரிபார்த்து வாசியுங்கள். அது இரைந்தால் பயப்படாதீர்கள்; எங்கிருந்து இரைகிறது என்று முதலில் கேளுங்கள். யார் வாசித்தது, எந்தக் குழுவில், எந்த ஊர் மேடையில் என்று வீட்டுக்காரரைக் கேட்டு எழுதிவையுங்கள். பிறகு உங்கள் அடுத்த பாட்டை அதில் பதிவு செய்யுங்கள். நாளைக்கு அதற்கும் விலை ஏறும். அதற்குள் அதன் குரல் உங்கள் பாட்டுக்குள் வந்துவிட்டிருக்க வேண்டும்.