பேப்பரப் படிச்சா கௌரவம் கொறஞ்சிரும்

பிள்ளைகளா, பூண்டுலோயா டவுன்ல புதுச் சாமான் வாங்கினா, பெட்டிக்குள்ள இருக்கிற அந்தச் சின்னப் புத்தகத்த மொதல் வேலையா அடுப்புல போடுங்க. அதப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டா நம்ம கௌரவம் என்னாகிறது?

மேல் லயத்து மருமகப்பிள்ளை மானஸ்தன். பிரஷர் குக்கர் வாங்கின அன்னைக்கே பருப்ப வாய் முட்ட ரொப்பி மூடினாரு. பருப்பும் அரிசியும் பாதிக்கு மேல போடாதேன்னு எழுதியிருக்கிறது பயந்தாங்கொள்ளிகளுக்குத்தானே! பருப்பு கொதிச்சு நொரைச்சு, ஆவி போற குழாய அடைச்சிருச்சு. வெயிட் ஆடல, விசிலும் வரல. மூடியில இருந்த சேஃப்டி வால்வு உருகி வழி விட்டதால அன்னைக்குத் தப்பிச்சாரு.

புது வால்வு வாங்க டவுனுக்கு பஸ் காசு எதுக்குன்னு, அந்த ஓட்டையில ஒரு போல்ட்ட முறுக்கினாரு பாருங்க, அதுதான் மூளை! அடுத்த தடவ மூடி கூரைத் தகரத்தப் பேத்துக்கிட்டுப் போயிருச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. தேயிலை ஃபெக்டரியக் காக்கிற சாமி ரோதமுனி காப்பாத்திட்டாருன்னு ஊரே சொல்லுது. சாமிக்கு ஃபெக்டரியப் பாக்கவே நேரம் பத்தாது, இதுல இவரு குக்கரு வேற.

இத்தனைக்கும் மருமகன் வேலை செய்றது அதே ஃபெக்டரியில. கொழுந்து எத்தன மணி நேரம் வாடணும், ட்ரையர்லருந்து வர்ற தூள்ல ஈரம் 3 சதவீதம் அளவுல நிக்கணும்னு தூக்கத்துலயும் சொல்லுவாரு. 1925ல தொடங்கின தேயிலை ஆராய்ச்சி நிலையம் இந்தா இருக்கிற தலவாக்கலையில இருக்கு. அங்கருந்து சுற்றறிக்கை வந்தா தொரையும் டீமேக்கரும் வரி விடாமப் படிப்பாங்க. தேயிலைச் செடிக்கு அவ்வளவு மரியாதை. சம்சாரம் நிக்கிற அடுப்படிக்கு ஒரு போல்ட்டு போதும்.

அந்தப் புத்தகத்துல நம்ம மலைக்காரனுக்குன்னே ஒரு வரி இருக்குமாம்: ஒசரத்துல இருந்தா கூடுதல் நேரம் வேக வை. 1868 மீட்டர்ல இருக்கிற நுவரெலியாவுல தண்ணி 94 டிகிரி போலயே கொதிச்சிரும். நாம அதுக்குக் கீழ இருந்தாலும் 100 வரைக்கும் போகாது. இது தெரியாம, பருப்பு வேகலன்னு கடைக்காரனத் திட்டுறோம். வெயிட்டு மேல கல்லத் தூக்கி வைக்கிற வீரனும் நம்ம லயத்துல உண்டு.

நம்ம பாட்டனுக்கு எழுத்துத் தெரியாது, கங்காணி சொன்னதக் கேட்டான். நீங்க ஓ.எல். பாஸ் பண்ணினவங்க; யாரு சொன்னாலும் கேக்க மாட்டீங்க, எழுதி வச்சாலும் படிக்க மாட்டீங்க. கேட்டா இங்கிலீஷ்ல இருக்காம். படத்துக்கு எந்த பாஷைடா தம்பி?

சரி, அடுப்புல போட மனசு வரலன்னா அத எங்கிட்டக் குடுங்க. நான் கண்ணாடியப் போட்டு நிதானமா வாசிச்சு வைக்கிறேன். உங்க வீட்டுல 'டமார்'னு கேட்டதும், அது எத்தனாம் பக்கத்துல எழுதியிருந்துச்சுன்னு ஓடி வந்து சொல்றேன்.