சந்தே சார்

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரு குமாரகிருபா சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, கர்நாடக சித்ரகலா பரிஷத் 'சித்ர சந்தே' நடத்தும் நாள். விடிவதற்குள்ளேயே நடைபாதையில் ஜமக்காளம் விரித்து, குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து கடலை வெறித்துக்கொண்டிருப்பார் ஒருவர். கடல் என்றால், அவரே வரைந்த கடல். நிஜக் கடல் சுமார் 920 மீட்டர் கீழே கிடக்கிறது.

இவர்தான் சந்தே சார். வார நாள்களில் எலக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். சொந்த ஊர் கட்டாயம் கடலோரச் சிற்றூர்: ஒருவருக்குத் தரங்கம்பாடி, இன்னொருவருக்கு மரக்காணம். எனக்கு வாய்த்தவருக்கு மணப்பாடு. ஊரில் இருந்த 21 வருஷமும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பரீட்சைக்குப் படித்த மனிதர். பி.ஜி. அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாய் என்று ஆன பிறகுதான் கடல் இவரைக் கூப்பிட ஆரம்பித்தது.

கலை வட்டாரத்துக்குள் இவர் நுழைந்தது நாடகம் வழியாக. ஷங்கர் நாக் நினைவாக 2004-இல் எழுந்த ஜே.பி. நகர் ரங்கசங்கராவில் ஏழரை மணி என்றால் ஏழரைதான், கதவைச் சாத்திவிடுவார்கள். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வருகிறவருக்கு இது தலையெழுத்து சம்பந்தப்பட்ட விஷயம். மேனேஜரிடம் பல்வலி என்று சொல்லி ஐந்து மணிக்கே கிளம்பியும், முதல் நான்கு நாடகங்களைச் சாத்திய கதவாகவே பார்த்தார். அதே கதவை வெறித்து நின்ற வேறு மூன்று பேரோடு கேன்டீனில் ஜவ்வரிசி வடை தின்றார். அந்த மூவர்தான் இன்றுவரை இவருடைய 'சர்க்கிள்'. உள்ளே போய்விட்டவர்களோடு இவருக்கு இன்னும் அவ்வளவாகப் பழக்கமில்லை.

படம் எல்லா வருஷமும் ஒன்றேதான்: மணல் மேட்டில் சிலுவைக் கோயில், கீழே நான்கு வள்ளம். 2024 சந்தேயை விண்வெளி விஞ்ஞானிகளுக்கு அர்ப்பணித்தார்கள். உடனே வள்ளத்துக்கு மேலே ஒரு ராக்கெட் ஏறியது. பக்கத்துக் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் வரப்போவதால் அது யதார்த்தவாதம்தான் என்று என்னிடம் வாதாடினார். அடுத்த வருஷம் பெண் குழந்தைகளுக்கு. ராக்கெட்டின் மேல் வெள்ளையைப் பூசி மேகமாக்கிவிட்டு, வள்ளத்தில் ஒரு சிறுமியை உட்காரவைத்தார்.

"கோவாவா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். முதல் வருஷம் சார் விளக்கினார். திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு, 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை... 'தெற்கே' என்பதற்குள் ஆள் அடுத்த கடைக்குப் போயிருப்பார். மூன்றாம் வருஷம் முதல் "ஹௌது" என்று மட்டும் தலையாட்டுகிறார். ஆமாம், கோவாதான். "சவேரியார் உடலே இப்ப கோவாலதானே இருக்கு" என்று மனச்சாட்சிக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். அப்படியும் விற்கவில்லை என்பது வேறு விஷயம்.

விற்பதெல்லாம் பக்கத்துக் கடையில்தான். தார்வாட்டிலிருந்து வரும் ஓவிய அம்மா, "ஸ்வல்ப நோட்கொள்ளி சார்" என்று தன் படங்களை இவர் பொறுப்பில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். அவரைப் பார்த்து அந்தப் பக்கத்துக் கோலார்க்காரரும் போவார். சார் மூன்று கடைக்கும் நடுவே எழுந்து நின்று, தன் படத்துக்கு ஒருநாளும் வராத தைரியத்தோடு பேரம் பேசுவார். போன தடவை இப்படியே ஐந்து யானை, இரண்டு புத்தர் விற்றுக் கொடுத்தார். சாயங்காலம் அவர்கள் இருவரும் சேர்ந்து இவரை ஒரு பிடி பிடித்தார்கள்: புத்தரை ஏன் அவ்வளவு குறைத்துக் கொடுத்தீர்? சார் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் அவருடைய கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். படத்துக்கு முன்னால் கைகட்டி ரொம்ப நேரம் நின்றார்.

"ஏலே, கச்சான் காத்துல கடல் இப்படிக் கொதிக்குது. நாலு வள்ளத்தையும் நங்கூரம் போடாம விட்டுட்டு எவன்லே வீட்டுக்குப் போனான்?"

தார்வாட் அம்மா எட்டிப் பார்த்து, "ஏனந்தாரே?" என்றார். என்ன சொல்கிறாராம்?

"தும்பா சென்னாகிதெயந்தே" என்றார் சார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது சின்னத் தூரிகையைக் கறுப்பில் தோய்த்தார்.