விழிஞ்ஞத்துக் குழியின் உடைமை: ஒரு முன்னாய்வு

சாலைக்கு உடையவர் பலர், குழிக்கு உடையவர் இலர் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் முதற்பட்டியலின் 23ஆம் இனம் தேசிய நெடுஞ்சாலையை ஒன்றியத்துக்கும், இரண்டாம் பட்டியலின் 13ஆம் இனம் ஏனைய சாலைகளை மாநிலத்துக்கும் தந்தன. பதினோராம் அட்டவணை ஊராட்சிக்கும் பன்னிரண்டாம் அட்டவணை நகரத்துக்கும் பங்கு வைத்தன. குழியைப் பற்றி இவ்விடங்களில் பேச்சே இல்லை. பட்டியலில் இல்லாதவை ஒன்றியத்தைச் சேரும் என்பது 248ஆம் உறுப்பு. ஆகவே குழிகள் யாவும் தில்லிக்குரியன என்க.

விழிஞ்ஞத்துச் சாலை நால்வகைத்து.

முதலாவது, பன்வேலில் தொடங்கிக் கன்னியாகுமரி போகும் தேசிய நெடுஞ்சாலை 66. முக்கோலையிலிருந்து காரோடு வரை அது கான்கிரீட் ஆதலின் குழியியலாருக்கு அங்கே வேலை குறைவு.

இரண்டாவது, துறைமுக வேலிக்குள் இருப்பது. அடையாளச் சீட்டில்லாதவருக்கு அதில் ஆய்வில்லை.

மூன்றாவது உட்சாலை. 2010இல் விழிஞ்ஞம் ஊராட்சி திருவனந்தபுரம் மாநகராட்சியோடு இணைந்தபோது, இங்குள்ள குழிகள் கிடந்த இடத்தில் கிடந்தபடியே பதினோராம் அட்டவணையிலிருந்து பன்னிரண்டாம் அட்டவணைக்குக் குடிபெயர்ந்தன. பெயர்ச்சிக்கு விழா எடுத்ததாகச் செய்தியில்லை.

நான்காவது, பாலராமபுரம் சாலை போன்ற பொதுப்பணித்துறைச் சாலை. ஒப்பந்தக்காரர் பெயரும் தொலைபேசி எண்ணும் குறைபாட்டுப் பொறுப்புக் காலமும் எழுதிய பலகைகளை 2021இல் கேரளத்தில் நடத் தொடங்கினார்கள். குழிகளில் எழுத்தறிவுடையவை அக்காலம் முடியும்வரை காத்திருக்கும் என்ப.

இனி, இந்நூலின் உயிரான முச்சந்திக் குழி. அஃதாவது, பொதுப்பணித்துறைத் தாரும் மாநகராட்சித் தாரும் கூடும் இடத்தில் குழாய்க்காகத் தோண்டப்பட்டது. தோண்டுவோர் சீரமைப்புத் தொகையைச் சாலை உடையவரிடம் கட்டுவது நடைமுறை. எனவே பணம் வாங்கியவர் தோண்டாதவர். தோண்டியவரோ பணம் கட்டியவர். இருவரும் குற்றமற்றவர் ஆதலின் குழி தான்தோன்றி ஆயிற்று. அதில் தேங்கும் நீர் குழாய்க் கசிவெனில் குடிநீர் ஆணையத்துடையது, மழையெனில் தென்மேற்குப் பருவக்காற்றினுடையது.

தார் விளிம்பே எல்லை என்பார் விளிம்புவாதிகள். மிக ஆழமான புள்ளி எவர் பக்கம் விழுகிறதோ அவரே உடையவர் என்பார் ஆழவாதிகள் (ஆட்டோ ஸ்டாண்ட் வாய்மொழி மரபு, கடைசி பெஞ்சு). மழைக்காலத்தில் ஆழம் தெரியாதே என்பது மறுப்பு (மேற்படி, இரண்டாம் கட்டன் சாயாவுக்குப் பின்). ஸ்கூட்டரோடு விழுந்தவரைக் கேட்டால் தெரியும் என்பது விடை (மேற்படி, வலது பெஞ்சின் பாடபேதம், வடை தீர்ந்தபின் நுழைந்த இடைச்செருகல் என ஐயுறுவாரும் உளர், இடது பெஞ்சு இதை அறவே மறுக்கிறது, எனினும் அந்நேரம் இடது பெஞ்சு லாட்டரி முடிவு பார்த்துக்கொண்டிருந்தது).

பெரிப்ளஸ் என்ற பழங்கிரேக்கக் கடல்வழி நூல் சொல்லும் பலிதா என்ற கடற்கரையூர் விழிஞ்ஞமா வர்க்கலையா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக மல்லுக்கட்டுகிறார்கள். கிரேக்க மாலுமி போகிற போக்கில் எழுதிய சிற்றூருக்கு இத்தனை உரிமைக் குரல். அதே அறிஞர்களைப் பேருந்து நிறுத்தத்துக் குழி யாருடையது என்று கேட்டால் அது தம் துறையன்று என்பார்கள். இந்த ஒரு விடையில் மட்டும் அவர்களும் அரசு அலுவலகங்களும் முழுமையாக ஒத்துப்போகிறார்கள்.

ஆட்டோ ஓட்டுநர்கள் உடைந்த ஓடுகளைப் போட்டு முச்சந்திக் குழியை நிரப்பிவிடுவதும் உண்டு. உடைமை தீருமுன் நடக்கும் இந்த நிரப்பல் ஆக்கிரமிப்பா, தொண்டா என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்கான நல்கையை எந்த அலுவலகத்தில் கேட்பது என்பதே அவ்வாய்வின் முதல் இயல்.