கடல்காட்டி

முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் நம் கடற்கரையில் கடல்கட்டி என்றொரு உத்தியோகஸ்தர் இருந்தார். காலடியில் கல்லும் கையில் கயிறுமாக ஒருவன் எட்டுப் பத்துப் பாக ஆழத்தில் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருக்கையில், இவர் உடம்பு நனையாமல் அமர்ந்து, சுறாவின் வாயைக் கட்டும் மந்திரத்தை உச்சரித்துவிட்டு, மாலையில் சிப்பியில் தமக்குரிய பங்கை வாங்கிக்கொண்டு போவார். 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றது. அத்துடன் இந்த உத்தியோகமும் ஒழிந்தது என்று எண்ணுகிறவர்கள் முத்தையாபுரம் டீக்கடைக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். அன்னாருடைய வாரிசு அங்கே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். பெயரில் ஒரு துணைக்கால் மட்டும் கூடியிருக்கிறது: இவர் கடல்காட்டி.

அண்ணாச்சிக்கு ஜீவனம் உப்பளக் கணக்கு. கடலோடு அவருக்குள்ள சம்பந்தம், அது பாத்தியில் காய்ந்து, மூட்டையில் ஏறி, லாரியில் போகும்போது எண்ணிக் குறித்துக்கொள்வதோடு சரி. சித்திரை வெயிலிலும் வெந்நீரில்தான் ஸ்நானம் செய்வார். ஆயினும் வெளியூர்க்காரர் ஒருவர் கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், சமுத்திர ராஜன் தம்மிடம்தான் கணக்கு ஒப்பிக்கிறான் என்ற பாவனையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

சென்ற தை மாதத்தில் நார்வேயிலிருந்து ஓர் ஈழத்தமிழர் வந்தார். குளிர்காலத்தில் 5 பாகைக்கு இறங்கிவிடும் கடலில், தண்ணீர் புகாத உடையும் முதுகில் காற்றுக் கலமுமாக மூழ்கிப் பழகியவர்.

"ஐயா, இஞ்ச தண்ணி குளிரான இடம் எங்கயேன் இருக்குதோ?" என்று வினயமாகக் கேட்டார்.

மன்னார் வளைகுடாவின் நீர் ஆண்டின் பெரும்பகுதியும் 26 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையிலேயே இருப்பது. ஆகையால் 'இல்லை' என்ற ஒரே சொல்லில் முடிந்திருக்க வேண்டிய சம்பாஷணை இது. ஆனால் இல்லை என்ற சொல் கடல்காட்டிகளின் அகராதியில் கிடையாது. "குளிர்தானே? மார்கழியில் வந்திருந்தால் பல் கிட்டிப் போயிருக்கும் தம்பி!" என்று முதலில் ஊரின் மானத்தைக் காப்பாற்றினார். பிறகு, "அனல்மின் நிலையத்துப் பக்கம் மட்டும் போயிராதீக, அங்கே கடலே வெந்நீர்" என்றார். இயந்திரத்தைக் குளிர்வித்த நீர் அங்கே கடலில் கலப்பது உண்மைதான். வெந்நீர் விஷயத்தில் மட்டும் அவர் அநுபவஸ்தர்.

அடுத்து, கண்ணாடித் தம்ளரிலிருந்து சிறிது தேநீரைப் பெஞ்சின்மேல் சாய்த்தார். அது மன்னார் வளைகுடா. சட்டைப் பையில் மாதிரிக்கு வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, உப்புக் கற்களை ஒவ்வொன்றாக அதில் வைத்தார்: வான் தீவு, காசுவாரி, விலாங்குசல்லி, காரைச்சல்லி. ஒவ்வோர் இடத்துக்கும் அவர் கூறிய சிறப்பு, திரும்பி வருகையில் எந்தக் கடையில் பரோட்டா நன்றாயிருக்கும் என்பதாகவே இருந்தது. 1986ஆம் ஆண்டு முதல் 21 தீவுகளும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, அவற்றில் கால் வைக்க வனத்துறையின் அனுமதி வேண்டும் என்னும் அற்ப விஷயத்தில் அவர் புத்தி செல்லவில்லை.

"எல்லாத்திலயும் விசேஷம் விலாங்குசல்லிதான். மாத்துத் துணியைத் தீவுல வச்சிட்டு, மரத்தடியில கட்டுச்சோறைச் சாப்பிட்டுட்டு, ஆற அமர இறங்கலாம்" என்று முத்தாய்ப்பு வைத்தார்.

பக்கத்தில் திரேஸ்புரத்துச் சங்குகுளிப் பெரியவர் ஒருவர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் கடலடியைக் கையால் துழாவியவர். அதனாலோ என்னவோ, யாருக்கும் எந்த இடத்தையும் சிபாரிசு செய்து நான் கேட்டதில்லை. யாராவது கேட்டால், "காத்தையும் நீவாட்டையும் காலையில பாத்துட்டுச் சொல்லுதேன்" என்பார். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, விலாங்குசல்லி தண்ணிக்குள்ள போயி எம்புட்டு வருஷமாச்சு?"

அது வாஸ்தவம். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி வண்டியேற்றிய காலத்தின் வினையாக, அந்தத் தீவு அலைக்கு அரணின்றிக் கரைந்து கடலுக்குள் போய்விட்டது. நாங்கள் மூவரும் பெஞ்சைக் குனிந்து பார்த்தோம். தேநீரில் மூன்று கற்கள்தாம் இருந்தன. இருந்தவற்றுள் சிறியதாகப் பார்த்து வைத்த விலாங்குசல்லியைக் காணவில்லை.

வேறொருவராயிருந்தால் வெட்கித் தலைகுனிந்திருப்பார். அண்ணாச்சியோ துண்டால் வளைகுடாவைத் துடைத்துவிட்டு, விருந்தாளியின் பக்கம் திரும்பி, முன்னிலும் கம்பீரமாக மொழிந்தார்:

"அதைத்தான் தம்பி நானும் சொல்லுதேன். முங்கித்தான் பாக்கணும்!"