பத்தடி ரகசியம்

கொல்லைப்புறத்தில் பாஸ்கெட்பால் வளையம் மாட்டுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? டேப்பைப் பிடித்து, தரையிலிருந்து சரியாக 10 அடி அளப்பார்கள். யாரோ விஞ்ஞானிகள் கமிட்டி போட்டுத் தீர்மானித்த உயரம் என்று ஒரு பக்தி! விஷயம் வேறு. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளி ஜிம்மின் பால்கனி விளிம்பு அந்த உயரத்தில் இருந்தது. ஆணி அடிக்கத் தோதான இடம். ஆராய்ச்சி முடிந்தது.

1891 டிசம்பர். வெளியே குளிர். உள்ளே, டிரில் செய்தே சலித்துப்போன 18 தடியன்கள். மேலதிகாரி லூதர் குலிக், ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்தைக் கூப்பிட்டு, புது ஆட்டம் ஒன்றைக் கண்டுபிடிக்க 14 நாள் டெட்லைன் கொடுத்தார். நெய்ஸ்மித் பழைய ஆட்டங்களையே கூரைக்குக் கீழே ஆடவிட்டுப் பார்த்தார். கை கால் மிஞ்சாது போலிருந்தது. கெடு முடியும் தறுவாயில்தான் மூளை வேலை செய்தது. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி புத்தகத்தைத் திறக்கிற நம்ம ஆள்!

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபின்ஸிடம், “18 அங்குலச் சதுரப் பெட்டி ரெண்டு கிடைக்குமா?” என்று விசாரித்தார். பெட்டி இல்லையாம், பீச் பழக்கூடைதான் இருக்கிறதாம். சரி, அதைக் கொடு. இன்றைக்குப் பணம் கோடி கோடியாகப் புரளும் அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏவின் மூலதனம் அந்த இரண்டு காலிக் கூடைகள்தான்.

பக்கத்துக்கு ஒன்பது பேர். முதல் ஆட்டத்தில் விழுந்த கோல் எத்தனை தெரியுமா? ஒன்று! போட்டவர் வில்லியம் சேஸ். போட்டதும் ஒரு சிக்கல். கூடை என்றால் அடி இருக்கும் அல்லவா? பந்து உள்ளே போய் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. ஏணியில் ஏறி எடுக்க வேண்டியிருந்தது. 13 விதிகளை யோசித்து எழுதிய மகானுக்கு, கூடையின் அடியை வெட்டலாம் என்று மட்டும் தோன்றவில்லை!

பிறகு ஞானம் வந்து ஓட்டை போட்டார்கள். பந்து விழுகிற ஓட்டையா? சேச்சே. கீழேயிருந்து கம்பை விட்டுப் பந்தைக் குத்தி வெளியே தள்ளுவதற்கான ஓட்டை. 1893இல் இரும்பு வளையம் வந்தது. அதிலும் வலையின் அடி மூடியே இருந்தது, கயிற்றை இழுத்தால்தான் பந்து விழும்.

வளையத்துக்குப் பின்னால் இருக்கும் பலகையும் ஆட்ட நுணுக்கத்துக்காக வந்ததில்லை. பால்கனி ரசிகர்கள் கையை நீட்டி, எதிரணியின் பந்தைத் தட்டிவிட்டார்கள். அவர்களைத் தடுக்கப் போட்ட வேலி அது.

நெய்ஸ்மித் பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் கோச் ஆனார். 55 வெற்றி, 60 தோல்வி. அங்கே கோச்சாக இருந்தவர்களில் வெற்றியைவிட அதிகம் தோற்றவர் இவர் ஒருவர்தான். பாவம், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்!

ஆகவே, உங்கள் வீட்டுச் சுவர் ஒன்பதடிதான் என்றால் கவலைப்படாமல் ஒன்பதடியிலேயே மாட்டுங்கள். கூடைதான் கிடைத்தது என்றால் கூடையே போதும். அடியை மட்டும் முதல் நாளே வெட்டிவிடுங்கள்.