முகர்ந்து பார்க்க முடியாத சரக்கு

கேள்வி: ஏலமலைத் தோட்டத்தில் காய் உலர்த்தும் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், பொழுது சாய்ந்ததும் மூட்டையின்மேல் கைப்பேசியைச் சாத்திவைத்துக்கொண்டு, யூடியூப் நேரலையில் ஊர் உலகத்தோடு பேசுகிறான். இதில் காசு வருமா, கண்தான் கெடுமா?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: முன்னது சந்தேகம், பின்னது நிச்சயம். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலக்கூடத்தில், மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி, உருட்டி, முகர்ந்து பார்த்த பிறகே கணினியில் விலை கேட்கும் வியாபாரிகளைக் கண்டு பழகிய தங்கள் ஊராருக்கு, சரக்கு இன்னதென்றே விசாரியாமல், முன்பின் அறியாத ஒருவரின் முகதரிசனத்துக்காகச் 'சூப்பர் சாட்' என்னும் நாமத்தில் தட்சிணை செலுத்தும் ரசிக சிகாமணிகளின் ஔதாரியம் விந்தையாகவே தோன்றும். அந்தத் தட்சிணையிலும் நூற்றுக்கு 30 பங்கைக் கம்பெனியே எடுத்துக்கொள்கிறது என்று அறிந்தால், நம் ஏலத் தரகர்கள் மகாத்மாக்களாகக் காட்சியளிப்பார்கள். பிள்ளையாண்டான் வேலையை மட்டும் விட்டுவிட வேண்டாம். 2020 ஜூனில் மத்திய சர்க்கார் ஒரே உத்தரவில் டிக்டாக், பீகோ லைவ் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தபோது, முதல் நாள் வரை லட்சோபலட்சம் அபிமானிகளோடு சிம்மாசனத்தில் வீற்றிருந்த சக்கரவர்த்திகள், மறுநாள் வீட்டாரிடமே ரீசார்ஜுக்குக் கைநீட்டினார்கள்.