வேலி போட ஆள் பிடிப்பது எப்படி?

கோவைக்கு வெளியே அஞ்சரை சென்ட் சைட் வாங்கியிருக்கிறீர்கள். அறுபதுக்கு நாற்பது. சந்தோஷம். வீடு கட்டப் பணம் சேர இன்னும் சில வருடம் ஆகும். அதற்குள் உள்ளே சீமைக் கருவேலம் முளைக்கும், பக்கத்து சைட்காரர் செங்கல் இறக்குவார், யாரோ ஒருவர் டிராக்டர் நிறுத்திக்கொள்வார். ஆகவே சுற்றிலும் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டுவிடலாம் என்று முடிவு செய்கிறீர்கள். அதை முறைப்படி செய்யும் வழியைச் சொல்கிறேன். முறைப்படி என்றால், ஊரில் எல்லோரும் செய்கிற முறைப்படி.

முதலில் ஆள். தேடி அலைய வேண்டியதில்லை. மெயின் ரோட்டில் எந்த மின்கம்பத்தைப் பார்த்தாலும் ‘கம்பி வேலி அமைத்துத் தரப்படும்’ என்ற தகரப் பலகையும் அதன் கீழே ஒரு செல் நம்பரும் இருக்கும். மூன்று பேரிடம் விலை கேட்பது, அவர்கள் முன்பு போட்ட வேலியை, அதுவும் இரண்டு மழைக்காலம் தாண்டிய வேலியை, நேரில் போய்ப் பார்ப்பது எல்லாம் சக மனிதனை நம்பாதவர்களின் பழக்கம். முதல் நம்பருக்கே அடியுங்கள். “நம்மூட்டு வேலையாட்டப் பாத்துப் பண்ணிக் குடுத்தர்றனுங்ண்ணா” என்பார். அந்த ‘ண்ணா’விலேயே பாதி ஒப்பந்தம் முடிந்துவிடும். மீதிப் பாதியை எழுதி வாங்க வேண்டும் என்று தோன்றினால் அடக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. உங்கள் இடம் ஒன்றுதான், ஆனால் அதற்குக் கணக்கு நான்கு. பத்திரத்தில் 2400 சதுர அடி. பட்டாவில் 2.23 ஏர்ஸ். புலப்படத்தில் மீட்டர், அது பழைய படமாக இருந்தால் லிங்க்ஸ், அதாவது 66 அடிச் சங்கிலியின் நூறில் ஒரு பங்கு. காண்ட்ராக்டரிடம் ரன்னிங் அடி. இந்த நான்கும் மண்ணில் ஒரே கோட்டில் வந்து விழ வேண்டுமானால், தாலுகா அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பம் போட்டுக் கட்டணம் கட்டி, சர்வேயரை வரவழைத்து, பக்கத்து சைட்காரர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அளந்து கல் நட வேண்டும். அதற்கு நாளாகும். காண்ட்ராக்டரோ காலடி வைத்தே இரண்டு நிமிடத்தில் அளந்துவிடுவார். அவர் செருப்பு என்ன சைஸ் என்பது வருவாய்த்துறைக்குத் தெரியாத ரகசியம்.

மூலைக் கல் ஒன்று காணாமல் போயிருக்கும். நான்கு சைட் தள்ளி ஒரு வீட்டு வாசலில் அதன் மேல் யாராவது துணி துவைத்துக்கொண்டிருக்கலாம். அரசு நட்ட எல்லைக் கல்லைப் பிடுங்கினால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 434-வது பிரிவு ஓராண்டு வரை சிறை என்றது. துவைக்கிற அம்மாவிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இடம் செவ்வகமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்தால் இரண்டு பக்கமும் 72 அடி 1 அங்குலம் சொச்சம் வர வேண்டும். எந்தக் கொத்தனாருக்கும் மூணு நாலு அஞ்சு போட்டு மூலைமட்டம் பார்க்கத் தெரியும். நீங்கள் டேப்பைக் கையில் எடுக்கும்போது காண்ட்ராக்டர் சொல்வார்: “ஈசானி மூலை கொஞ்சம் வளந்திருந்தா ரொம்ப நல்லதுங்ண்ணா.” இனி அரையடிக் கோணல் உங்களுக்கு யோகம். அந்த அரையடி பக்கத்து சைட்டுக்குள் போயிருந்தால் அங்கிருக்கிறவருக்கு அது கிடையாது, அவ்வளவுதான்.

இப்போது விலை. ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்பார். நாலு பக்கமும் சேர்த்து 200 அடி, ஆகவே 200-ஆல் பெருக்குவார். கேட்டுக்குத் தனி. கேட் 12 அடி. கேட் இருக்கிற இடத்தில் வேலி எப்படி இருக்கும் என்று யோசிக்காதீர்கள். அந்த 12 அடி வேலி உங்கள் கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் பில்லில் தெரியும்படி நிற்கும். மன்னிக்கவும், பில் என்று சொல்லிவிட்டேன். “பில் வேணும்னா 18 பர்சென்ட் சேத்திப் போடோணுங்க” என்பார். நீங்கள் உடனே வேண்டாம் என்று சொல்லி ஜிஎஸ்டியை மிச்சம் பிடிப்பீர்கள். பின்னால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால், ஐந்து லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. காட்டுவதற்குக் காகிதமும் கிடையாது.

கல்லுக்கால் எத்தனை அடிக்கு ஒன்று என்பதைப் பேசவே பேசாதீர்கள். எட்டடிக்கு ஒன்று என்றால் உங்கள் சைட்டுக்கு 26 கல் வேண்டும். பத்தடிக்கு ஒன்று என்றால் 20 போதும். ரேட் ரன்னிங் அடிக்குத்தானே, ஆறு கல் அவருக்கு மிச்சம். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் முட்டுக்கால் சாய்த்துக் கொடுத்தால்தான் கம்பியின் இழுப்பைக் கல் தாங்கும். அதையும் பேசாதீர்கள். “எல்லாம் அதுலயே வந்துருமுங்க” என்பார். எதிலே என்று கேட்கக்கூடாது.

ஆழம்தான் இந்தத் தொழிலின் கவித்துவமான இடம். ஏழடிக் கல்லில் இரண்டடி மண்ணுக்குள் போக வேண்டும். கோவைப் பக்கம் பல இடங்களில் கரிசல் மண், மழையில் உப்பும், வெயிலில் பிளக்கும், ஓரடிக் குழியில் நிற்கிற கல்லை இரண்டே பருவத்தில் பேசவைத்துவிடும். ஆனால் ஓரடி புதைத்தால் வெளியே ஆறடி நிற்கிறது, பார்க்க நல்ல உசரம். சாயங்காலம் வந்து பார்க்கிற உங்கள் மாமனார், “அட, ஆறடிங்க மாப்ள” என்று மெச்சிக்கொள்வார். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கிற மாமனார் எங்கும் இல்லை. குழி தோண்டுகிற நாளில் நீங்கள் ஆபீசில் இருப்பது மரபு.

கம்பிக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பணம் போகிற வழி இதுதான். செயின் லிங்க் வலைக்கு ‘கேஜ்’ என்று ஓர் எண் உண்டு. எண் கூடக்கூடக் கம்பி மெலியும். இது முதல் தடவை கேட்கிற யாருக்கும் தலைகீழாகத்தான் விளங்கும், காண்ட்ராக்டருக்கு அதில் ஆட்சேபணை இல்லை. “பன்னெண்டு என்னங்ண்ணா, பதிமூணே போட்டுர்றேன்” என்று பெருந்தன்மையாகச் சொன்னால் நீங்கள் நன்றி சொல்வீர்கள். 12 கேஜ் கம்பியின் விட்டம் 2.64 மில்லிமீட்டர். 13 என்றால் 2.34. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எடை விட்டத்தின் வர்க்கத்தில் போகிறது, ஆகவே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இரும்பு குறைந்துவிடும். அவர் கடையில் கிலோ கணக்கில் வாங்கி உங்களுக்கு அடிக் கணக்கில் விற்கிறார் என்பதை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். வெர்னியர் காலிப்பரோடு போய் நிற்கிற வாடிக்கையாளரை எந்தக் காண்ட்ராக்டரும் ‘அண்ணா’ என்று கூப்பிட்டதில்லை, ‘சார்’ ஆகிவிடுவீர்கள்.

வலையை இழுத்துக் கட்டுவதிலும் ஒரு கைத்திறன் இருக்கிறது. ஒழுங்காகக் கட்டிய வலையில் கண்கள் சதுரத்தை முனையில் நிறுத்தியதுபோல் இருக்கும். அளவுக்கு மீறி இழுத்தால் ஒவ்வொரு கண்ணும் படுத்துக்கொள்ளும். 50 அடிச் சுருள் இன்னும் நாலைந்து அடி நீளும், ஐந்தடி உயரம் அதற்கேற்பக் குறையும். குறைந்தது கீழ்ப்பக்கம் இடைவெளியாக வந்து நிற்கும். நாய் முதலில் கண்டுபிடிக்கும், அப்புறம் கோழி, அப்புறம் நீங்கள். மேலே, நடுவே, கீழே என மூன்று லைன் கம்பி ஓட வேண்டிய இடத்தில் நடுக்கம்பி இருக்காது. குழியில் போட்ட கான்கிரீட் இறுகுவதற்குள் அன்று மாலையே வலையை இழுத்துவிடுவார்கள், கற்கள் எல்லாம் லேசாக உள்பக்கம் எட்டிப் பார்க்கும்.

காங்கேயம் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களில் இன்றைக்கும் கிளுவை வேலி இருக்கிறது. போத்தை வெட்டி வரிசையாக ஊன்றிவிட்டால் தானே வேர் பிடித்து முள்ளோடு அடைத்துக்கொள்ளும். கேஜ் கிடையாது, துரு கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. வருஷா வருஷம் கவாத்து வெட்ட வேண்டும், இடமும் கொஞ்சம் பிடிக்கும். மூன்றடி அகல வேலிக்குள் எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது என்று பங்காளிகள் இருவருமே துல்லியமாகச் சொல்ல முடியாது என்பது என் கணக்கில் அதன் பெரிய நன்மை. அஞ்சரை சென்ட்டில் இதற்கு வழியில்லை. இருந்தாலும் சொல்லிவைத்தேன்.

அட்வான்ஸ் விஷயத்தில் தாராளமாக இருங்கள். கல் இறங்கியதும் கொஞ்சம், கால் நட்டதும் கொஞ்சம், கம்பி கட்டியதும் கொஞ்சம், பத்து நாள் கழித்து மீதி என்று பிரித்துக் கொடுப்பவர்கள் கல் நெஞ்சக்காரர்கள். முக்கால்வாசியை முதல் நாளே கொடுத்துவிட்டால் உங்களுக்கு நாட்காட்டி பார்க்கிற ஆர்வம் வரும். ஊரில் மாரியம்மன் நோம்பி என்பார். அது முடிந்தால் அடுத்த ஊர் நோம்பி. தீபாவளிக்கு இவருடைய ஆட்கள் போவார்கள், அவர்கள் திரும்புவதற்குள் சத் பூஜைக்குப் பீகார்க்காரர்கள் ரயிலேறியிருப்பார்கள். பிறகு மழை. மழை நின்றால் குழியில் ஈரம். ஈரம் காய்ந்தால் மண் கடப்பாரைக்கு இறங்காது. இவற்றுக்கு நடுவே ஒரு பெரியப்பா காலமாவார். அதே பெரியப்பா பக்கத்து சைட் வேலையின்போதும் காலமானவர் என்பதைத் துக்க வீட்டுக்காரரிடம் கேட்கிற நாகரிகம் நமக்கு இல்லை.

வேலை முடிந்த அன்று அரைச் சுருள் கம்பி மிஞ்சும். அது வண்டியில் ஏறும். பேலன்ஸை எண்ணி வாங்கிக்கொண்டு, “ஏதாச்சும்னா ஒரு போன் அடிங்ண்ணா, ஓடியாந்தர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போவார். வேலியையும் பயிரையும் வைத்து ஒரு பழமொழியும் அவரே சொல்லிச் சிரிப்பார், நீங்களும் சிரியுங்கள்.

ஐப்பசி மழைக்கு ஒரு பக்கம் மொத்தமாகச் சாயும்போது போன் அடியுங்கள். எடுக்க மாட்டார். மறுபடி அடியுங்கள், சாமி பாட்டை முழுதாகக் கேட்கலாம். பிறகு உங்கள் வீட்டம்மாவின் போனிலிருந்து அடியுங்கள். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

“சொல்லுங்கக்கா, எத்தன ரன்னிங் அடிங்க?”